துப்பாக்கி உறை ஏன் ஆடுகிறது?

கேள்வி: தெரிந்த காவல்துறை அதிகாரிக்குக் கைத்துப்பாக்கி உறை தைத்துக் கொடுத்தேன். அளவு சரியாக இருந்தும் துப்பாக்கி உள்ளே ஆடுகிறதே, ஏன்? (வாசகர், ஆம்பூர்)

பதில்: உங்கள் தையலைச் சந்தேகப்படாதீர்கள், தோலைப் பாருங்கள். உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கும் குரோம் தோல் ஷூவுக்கு அருமை; உறைக்கு ஆகாது. வளைத்தபடி நிற்காது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, 3 மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டுத்தோல் வாங்குங்கள். தைத்து முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் சில விநாடி முக்கியெடுத்து, அதே மாடல் டம்மியைச் செருகுங்கள். (நிஜத் துப்பாக்கி வேண்டாம், ஈரத்தில் துருப்பிடிக்கும்.) கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். விசையைச் சுற்றிய வளையமும், தோட்டாக்கூடு வெளியேறும் துவாரமும் தோலில் பதிய வேண்டும், பிடிப்பே அங்கேதான். பிறகு டம்மியை உருவிவிட்டு ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். முதலில் இறுக்கமாக இருக்கும், கவலை வேண்டாம். டம்மியை மெழுகுத்தாளில் சுற்றி ஓரிரவு உள்ளே வைத்தால் இளகிக் கொடுக்கும்.