குடும்பப் படத்துக்கு முதலில் வெயிலைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் எப்போதும் ஒரே காட்சிதான். தாம்பரம், மேடவாக்கம், கேளம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்கும். எதிரே ஒருவர் போனைப் பிடித்திருப்பார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கடல் பளிச்சென்று இருக்கும், முகங்கள் எல்லாம் கருத்துக் கிடக்கும். உடனே புது போன் வாங்கும் பேச்சு எழும். போனில் குறை எதுவும் இல்லை, நின்ற திசைதான் தப்பு. கையில் இருக்கும் சாதாரண போனே போதும்.

1. லென்ஸைத் துடையுங்கள்

முதல் நாள் இரவே சார்ஜ் போட்டு, போனில் கொஞ்சம் இடம் காலி செய்துகொள்ளுங்கள். கடற்கரையில் படம் எடுக்கும் முன்பு லென்ஸை ஒரு முறை ஊதி, பிறகு பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள். ஊதாமல் தேய்த்தால் மணல் கீறிவிடும். படம் மங்கலாக இருக்கிறது என்று சொல்பவர்களின் லென்ஸைப் பாருங்கள், பெரும்பாலும் விரல் எண்ணெய்தான் காரணம்.

2. திசையை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். பின்னணியை முதலில் பிடித்துவிட்டு, அதன் முன்னால் ஆட்களை நிறுத்துகிறோம். வரிசையை மாற்றுங்கள். வெளிச்சம் முகத்தில் விழும் இடத்தை முதலில் பார்த்துவிட்டு, அங்கிருந்து கிடைக்கும் பின்னணியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைப் பக்கத்தில் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பின்னால் வைத்தால் சூரியனும் பின்னால் நிற்கும், முகம் இருட்டும். மாலையில் சூரியன் மேற்கே இறங்குவதால், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பவர்களின் முகத்தில் நேராக வெளிச்சம் விழும். எனவே கடலோடு குடும்பப் படம் என்றால் மாலையில்தான். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் சூரியன் மறையும் நேரம் வருடம் முழுக்க ஏறத்தாழ 5.40-க்கும் 6.40-க்கும் இடையில் நகரும். கடற்கரைக் கோயிலுக்கும் இதே கணக்குதான். மாலையில் மேற்குப் பக்கம் நின்று எடுத்தால் கோயில் மேலும் வெயில் விழும், ஆட்கள் மேலும் விழும்.

அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. சிற்பத்தை மட்டும் எடுக்க வேண்டுமானால் காலையில் போங்கள். பிற்பகலில் பாறையின் நிழல் முன்பக்கம் விழும். அந்த நிழலில் குடும்பத்தை நிறுத்தினால் யாரும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள், முகத்தில் வெளிச்சம் ஒரே சீராக இருக்கும்.

உச்சி வெயிலில் குரூப் போட்டோ எடுக்கவே கூடாது. கண்குழியும் மூக்கின் அடியும் கருத்துவிடும். மர நிழல் இருந்தால் இலை இடுக்கு வழியாக வெயில் புள்ளி புள்ளியாக விழாத, அடர்ந்த இடமாகப் பாருங்கள். கன்னத்தில் ஒரு வெயில் புள்ளி விழுந்தாலும் அந்தப் படம் வீண்தான்.

காலையில்தான் வர முடிந்தது, கடலும் வேண்டும் என்கிறீர்களா? முகத்தின் மேல் விரலை வையுங்கள். போன் முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் கூட்டும், வானம் வெளுக்கும். வெளுக்கட்டும். வானத்தை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம், பாட்டியின் முகம்தான் முக்கியம்.

3. ஆட்களை நிறுத்துங்கள்

வயதானவர்களுக்கு நடுவில் நாற்காலி போடுங்கள். இடம் எல்லாம் முடிவான பிறகுதான் அவர்களைக் கூப்பிட வேண்டும். நிற்க வைத்துவிட்டு யோசிக்காதீர்கள். எல்லோரையும் அடக்க வேண்டுமே என்று அகல லென்ஸுக்குப் போகாதீர்கள். அது ஓரத்தில் நிற்பவர்களை இழுத்து அகலமாக்கிவிடும், பெரியம்மா அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டார். மூன்று அடி பின்னால் போங்கள். இடம் இருந்தால் இன்னும் பின்னால் போய் 2 மடங்கு ஜூம் வையுங்கள், முகங்கள் இயல்பாக வரும்.

4. கடல்கோடு கழுத்தை வெட்டாமல் பாருங்கள்

வானமும் கடலும் சேரும் கோடு எப்போதும் கேமரா இருக்கும் உயரத்தில்தான் விழும். போனைக் கண் உயரத்தில் பிடித்தால் உங்கள் உயரத்தில் நிற்பவர்களின் கண்ணைக் குறுக்கே வெட்டும். போனைச் சாய்க்காமல் நெஞ்சு உயரத்துக்கு இறக்குங்கள். கோடு நெஞ்சோடு போய்விடும், தலைகள் வானத்தின் முன்னால் தெளிவாக நிற்கும். குழந்தைகளை மட்டும் எடுக்கும்போது நீங்களும் மண்டியிடுங்கள். மேலிருந்து எடுத்தால் மணலும் உச்சந்தலையும்தான் கிடைக்கும்.

5. எடுங்கள்

“எல்லோரும் கண்ணை மூடுங்க, மூணு சொன்னதும் திறங்க” என்று சொல்லிப் பாருங்கள். பாதி மூடிய கண்கள் குறைந்துவிடும். ஒரு படத்தோடு நிறுத்தாமல் தொடர்ச்சியாக எடுங்கள். சில போன்களில் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், சிலவற்றில் ஓரமாக இழுக்க வேண்டும், வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். “சிரிங்க சிரிங்க” என்று விரட்டாதீர்கள். வரிசை கலையும் அந்த நொடியிலும் பட்டனை விடாதீர்கள், தாத்தா பேரனைப் பார்த்துச் சிரிப்பது அப்போதுதான்.

6. நீங்களும் படத்தில் இருங்கள்

படம் எடுப்பவர் எந்தப் படத்திலும் இல்லாமல் போவது பெரிய குறை. பக்கத்தில் இருப்பவரிடம் உதவி கேளுங்கள். போனைக் கொடுத்துவிட்டு விளக்கம் சொன்னால் வேலைக்காகாது. நீங்களே சட்டத்தைச் சரிபார்த்து, நின்ற இடத்தில் மணலில் காலால் ஒரு கோடு கிழியுங்கள். “அண்ணா, இங்க நின்னு, நெஞ்சுக்கு நேரா பிடிச்சு, நாலஞ்சு எடுத்துடுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். போதும்.

7. அன்று இரவே தேர்ந்தெடுங்கள்

மறுநாள் என்று தள்ளினால் நடக்காது. ஒரே மாதிரி இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்து மற்றவற்றை அழியுங்கள். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், பிரிண்ட் போடும்போது தெரியும். நல்லதாக இரண்டு மூன்றை 4×6 அளவில் பிரிண்ட் போட்டு வீட்டுப் பெரியவர்களிடம் கொடுங்கள். பின்பக்கம் பெயர்களையும் தேதியையும் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.