பொலிகாளை தேர்ந்தெடுக்கப் போகும் தம்பிக்கு



கால்நடை இனவிருத்தியை உன் தொழிலாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். கறிமாட்டு இனங்களின் வரலாற்றைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது கண்காட்சிப் பட்டங்கள்தான். அவற்றை நம்பி ஒரு காளையை மந்தைக்குள் விடாதே என்று சொல்லவே இதை எழுதுகிறேன். நடுவர் பார்ப்பது அன்றைக்கு எதிரே நிற்கும் உடம்பை. இனம் உருவாவது அந்த உடம்பு விட்டுச்செல்லும் கன்றுகளால். இதற்கு ஸ்காட்லாந்தின் அபர்டீன் ஆங்கஸ் இனத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் கொம்பில்லாத கறுப்பு மாடுகள் பல தலைமுறைகளாக இருந்தன. 1808-இல் கீலர் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்த ஹ்யூ வாட்சன், அவற்றில் தரமானவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார். அவருடைய ஓல்ட் ஜாக் 1842-இல் பிறந்தது. 1862-இல் வெளியான வம்சாவளிப் பதிவேட்டில் முதல் எண் பெற்ற காளை அதுதான். ஆனால் நீ நின்று பார்க்க வேண்டியது ஓல்ட் கிரானி என்ற பசுவை. 1824-இல் பிறந்து, 1859-இல் மின்னல் தாக்கி இறந்தது. அதற்குள் 29 கன்றுகளை ஈன்றது. 29 ஈத்து என்றால் என்ன என்று யோசித்துப் பார். அத்தனை ஆண்டுகள் மேயப் பல் வேண்டும், நடக்கக் குளம்பு வேண்டும், கன்றுக்கு ஊட்ட மடி வேண்டும், தவறாமல் சினை பிடிக்க வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூடக் கண்காட்சித் திடலில் அரை மணி நேரத்தில் அளந்துவிட முடியாது. இன்றுள்ள ஆங்கஸ் மாடுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் வம்சாவளி இந்தக் காளையையும் இந்தப் பசுவையும் தொடுகிறது.

இனி பட்டம் வென்றவற்றைப் பார். டில்லிஃபோர் பண்ணையின் வில்லியம் மெக்கோம்பி வளர்த்த பிளாக் பிரின்ஸ், 1867-இல் பர்மிங்காமிலும் லண்டன் ஸ்மித்ஃபீல்டிலும் முதலிடம் பெற்றது. விக்டோரியா மகாராணியே அதைப் பார்த்தார். அது காயடித்த மாடு. அதன் வழியில் ஒரு கன்றுகூடக் கிடையாது. 1963-இல் பெர்த் ஏலத்தில் லிண்டெர்ட்டிஸ் எவல்ஸ் என்ற ஆங்கஸ் காளை 60,000 கினிக்கு விலைபோனது, அன்றைய உலகச் சாதனை. வாங்கிய பிறகு அது மலடு என்று தெரிந்தது. தேர்ந்த கண்கள் பார்த்துப் பார்த்து விலையேற்றிய உடம்பு, இனவிருத்திக்கு உதவாமல் போயிற்று.

கண்காட்சி இல்லாவிட்டால் இந்த இனத்தை உலகம் அறிந்திருக்குமா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. 1878 பாரிஸ் கண்காட்சியில் மெக்கோம்பியின் மாடுகள் வென்றதால்தான் ஆங்கஸின் பெயர் ஐரோப்பாவெங்கும் பரவியது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் பெயர் பரப்புவது வேறு, தரம் காப்பது வேறு. ஜார்ஜ் கிராண்ட் என்பவர் 1873-இல் நான்கு ஆங்கஸ் காளைகளை அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் இரண்டைக் கான்சாஸ் சிட்டி கண்காட்சியில் நிறுத்தியபோது, கொம்பில்லாத கறுப்பு உருவத்தைப் பார்த்த சிலர் விசித்திரப் பிறவி என்றே எண்ணினார்கள். டெக்சாஸ் நீள்கொம்புப் பசுக்களோடு சேர்த்ததில் பிறந்த கன்றுகள் கடும் பனிக்காலத்தைத் தாங்கி, அடுத்த வசந்தத்தில் எடையிலும் முந்தி நின்றன. அதன் பிறகுதான் பண்ணையாளர்கள் தேடி வந்தார்கள்.

திடலின் ரசனை இனத்தையே காயப்படுத்தியதும் உண்டு. 1940-களிலும் 50-களிலும் அமெரிக்க நடுவர்களுக்குக் குட்டையான, திரண்ட மாடுகள் பிடித்துப்போயின. அந்த ரசனைக்குள் ஒளிந்து, ஹியர்ஃபோர்டு, ஆங்கஸ் இரண்டு இனங்களிலும் குள்ளக் கன்றுகளைத் தரும் மரபுக்கோளாறு பரவியது. கோளாறு வெளிப்பட, தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தாக வேண்டும். ஆகையால் அதைச் சுமந்த காளைகள் வெளியில் நலமாகவே தெரிந்தன. கண்ணை நம்பாமல் அளவீடுகளை நம்பினால் போதாதா என்றால், அதுவும் போதாது. இறைச்சியில் கொழுப்பு இழையோடும் தரத்துக்காகப் புள்ளிவிவரங்களில் புகழ்பெற்றது ஜி.ஏ.ஆர். பிரிசிஷன் 1680 என்ற ஆங்கஸ் காளை. அதன் உறைவிந்து ஏராளமான மந்தைகளில் புகுந்திருந்தது. முதுகெலும்பு முறுக்கி, கால்கள் மடங்கி, கன்றுகள் செத்துப் பிறக்கும் கோளாறை அது சுமந்திருந்தது 2008-இல்தான் வெளியே வந்தது. பட்டமோ எண்ணோ, ஒரே காளையின் புகழை நம்பி எல்லாரும் ஓடும்போது அதன் குறையும் எல்லார் தொழுவத்துக்கும் போய்விடுகிறது.

ஆகவே தம்பி, தாயைப் பார்த்துப் பெண்ணை எடு என்று நம் ஊரில் சொல்வதைக் காளைக்கும் பொருத்திப் பார். வாங்கும் முன் அதன் தாயின் ஈத்துக் கணக்கைக் கேள். முன்னே பிறந்த மகள்கள் இருந்தால், எத்தனை வயதில் சினைபிடித்தன, உதவியில்லாமல் ஈன்றனவா என்று விசாரி. விந்துப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் செய். எவ்வளவு நல்ல காளையானாலும் உன் மந்தை முழுவதையும் அதனிடம் ஒப்படைக்காதே. விற்பவர் இந்தக் கணக்கைத் தர மறுத்து, சுவரில் மாட்டிய பரிசுகளை மட்டும் காட்டினால், வாங்காமல் திரும்பி வந்துவிடு.