போர்க்கால உக்ரைனும் உரையாடல் தொண்டும்

போரினால் பாதிக்கப்பட்டோருக்கு உதவி என்றவுடன் உணவு, மருந்து, கூடாரம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒருவருடன் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பதும் உதவியாகுமா என்ற ஐயம் எழுவது இயல்பே. உக்ரைன் நாட்டு அனுபவம் இவ்வையத்துக்கு ஓரளவு விடை தருகிறது.

2022 பிப்ரவரி 24-ம் நாள் ரஷ்யா முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்கியது. 2023-ம் ஆண்டின் இறுதியில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரைனியர் அயல்நாடுகளில் தஞ்சம் புகுந்திருந்தனர். உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர் மேலும் பல லட்சம் பேர். ஊரில் இருந்த தொழிலை இழந்த ஒருவர் வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையம் வாயிலாக வேலை செய்யவும், உதவி நிறுவனத்தாருடன் நேரடியாகப் பேசவும் ஆங்கிலம் துணைபுரிகிறது. 2024 ஜூன் மாதத்தில் உக்ரைன் அரசு, ஆங்கிலத்தைப் பன்னாட்டுத் தொடர்பு மொழியாக ஏற்றுச் சட்டம் இயற்றியது. வட்டார அரசு நிர்வாகத் தலைவர்கள், அரசு வழக்கறிஞர்கள் உள்ளிட்ட பல பதவிகளுக்கு ஆங்கில அறிவு கட்டாயமாக்கப்பட்டது. எனினும், ஜெர்மனியிலோ போலந்திலோ குடியேறியவருக்கு அந்நாட்டு மொழியே முதல் தேவை என்பதை மறத்தலாகாது. ஆங்கிலம் அதற்கு ஈடாகாது.

பள்ளியில் இலக்கணம் கற்றும் நாவெழாத நிலையை நாம் நன்கறிவோம். அங்கும் அதே நிலைதான். இக்குறையைப் போக்க 2020-ம் ஆண்டில் தொடங்கப்பட்டதே 'என்ஜின்' என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு. இது உக்ரைனியர் ஒருவரையும் ஆங்கிலம் சரளமாகப் பேசும் தொண்டர் ஒருவரையும் இணைத்து, வாரந்தோறும் காணொளியில் உரையாடச் செய்கிறது. தொண்டருக்கு ஆசிரியப் பயிற்சி தேவையில்லை.

தொண்டர் ஆசிரியர் அல்லர்

ஆசிரியராக முயல்வதே புதிய தொண்டர் செய்யும் முதல் பிழை. ஒவ்வொரு தவறையும் உடனே திருத்தினால் பேச்சு வற்றிவிடும். தவறான வாக்கியத்தைச் சரியான வடிவில் தம் மறுமொழியிலேயே இயல்பாகத் திருப்பிச் சொல்வது நல்ல வழி. மிக முக்கியமான இரண்டு மூன்று பிழைகளைக் குறித்துவைத்து இறுதியில் கூறலாம்.

இவ்விடத்தில் தமிழருக்கு ஓர் அனுகூலம் உண்டு. உக்ரைனிய மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஏ', 'தி' என்னும் சிறு சொற்கள் இல்லை. 'நான் மாணவன்' என நாம் கூறுவதுபோலவே அம்மொழியிலும் நிகழ்காலத்தில் வினைச்சொல் இன்றி வாக்கியம் முடியும். ஆகவே 'ஐ ஸ்டூடன்ட்' என்று ஒருவர் தொடங்கும்போது, அப்பிழை எங்கிருந்து வருகிறது என்பது நமக்குச் சொல்லாமலே விளங்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அது வியப்பாகவே இருக்கும். நம் உச்சரிப்பு இங்கிலாந்தாரின் உச்சரிப்பு அன்று என்று தயங்குவோரும் உளர். உலகில் ஆங்கிலம் பேசுவோரில் பெரும்பாலோருக்கு அது தாய்மொழி அன்று. ஆதலின் இத்தயக்கம் தேவையற்றது.

கேட்கக்கூடாதவை

கண்டவுடன் குடும்பத்தாரைப் பற்றி விசாரிப்பதை நாம் அன்பின் அடையாளமாகக் கருதுகிறோம். 'வீட்டில் எல்லோரும் நலமா? அப்பா என்ன செய்கிறார்?' என்பவை நம்மிடையே சாதாரணக் கேள்விகள். தந்தை போர்முனையில் இருக்கும், அல்லது திரும்பி வராத, ஒரு பெண்ணிடம் அவை சாதாரணமானவை அல்ல. நடந்ததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்பது, துயருற்றோருக்கான உளவியல் முதலுதவி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலின் அடிப்படை அறிவுரைகளுள் ஒன்று. அவராகச் சொன்னால் செவிமடுக்க வேண்டும். அப்போது இலக்கணத்தைத் திருத்துதல் கொடுமை. ஆறுதல் கூற ஆங்கிலச் சொல் கிடைக்காவிடில் சிறிது நேரம் மௌனமாக இருக்கலாம்.

ஏவுகணை எங்கே விழுந்தது என்று கேட்பதும் கூடாது. படை நடமாட்டம் பற்றிய செய்திகளை அனுமதியின்றிப் பரப்புவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி 2022 மார்ச்சில் உக்ரைனில் சட்டம் கொணரப்பட்டது. நம் ஆர்வம் மற்றவரைச் சங்கடத்துக்கு உள்ளாக்கிவிடும். சமையல், திரைப்படம், தேர்வு, வளர்ப்புப் பூனை எனப் பேசுவதற்கு எத்தனையோ உள்ளன. அவர்களில் பலர் வேண்டுவதும் போர் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

நேரம் தவறாமை

2022 அக்டோபர் முதல் மின் நிலையங்கள் தொடர்ந்து தாக்கப்பட்டதால் உக்ரைனில் மின்வெட்டு வாழ்க்கையின் ஒரு பகுதியாயிற்று. அபாயச் சங்கு ஒலித்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். அத்தகைய வேளையில் தொண்டர் திரும்பத் திரும்ப அழைக்காமல், ஒரு வரிச் செய்தி அனுப்பிவிட்டு மறுவாரம் அதே நேரத்தில் காத்திருப்பதே முறை. கீவ் நகர நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் குளிர்காலத்தில் மூன்றரை மணி, கோடையில் இரண்டரை மணி வித்தியாசம் உண்டு. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது தவறவிடும் தொண்டர்கள் பலர்.

மறுமுனையில் உள்ளவர் வரத் தவறினால் அதற்குக் காரணம் இருக்கும். தொண்டர் தவறினால், உலகம் தம்மை மறந்துவிட்டது என்ற எண்ணத்துக்கு அது இன்னுமொரு சான்றாகிவிடும். மூன்று வாரம் பேசிவிட்டுச் சொல்லாமல் நின்றுவிடுபவர் தொடங்காமலே இருந்திருக்கலாம். தேர்வுக் காலத்தில் இயலாது என்றால் முன்னதாகவே கூறிவிட வேண்டும்.

1969-ல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவரிடம் ஆண்டுக்கு 120 மணி நேரத் தொண்டு எதிர்பார்க்கப்படுகிறது. இத்தகைய உரையாடலை அதில் சேர்ப்பது பற்றிப் பொறுப்பாளர்கள் சிந்திக்கலாம். மறுமுனையில் சிறுவர் இருக்கக்கூடும் என்பதால், பதிவும் மேற்பார்வையும் உடைய அமைப்பின் வழியாகவே மாணவரை அனுப்புதல் வேண்டும்.

இதற்கு நாம் முற்றிலும் புதியவர்களும் அல்லர். 2022-ல் போர் மூண்டபோது 20,000-க்கும் மேற்பட்ட இந்தியர் உக்ரைனிலிருந்து நாடு திரும்பினர்; அவர்களில் பெரும்பாலோர் மருத்துவ மாணவர். கார்கிவ் நகரின் சுரங்க ரயிலையும் சந்தையையும் அமைதிக் காலத்தில் கண்டவர்கள் அவர்களிடையே உளர். மறுமுனையில் இருப்பவர் விரும்பினால், பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.