அட்லாண்டிக் கரையில் ஒரு நாள்

நுழையும்முன்

தாய்மொழி வழங்கும் நிலத்திற்கு வெளியே வளரும் குழந்தைகளுக்கு அம்மொழியின் ஒலி வீட்டில் கிடைக்கிறது. எழுத்து பள்ளியில் கிடைக்கிறது. தாய்மொழி வழங்கும் ஊரிலேயே வாழ்ந்தும், அதன் எழுத்தைப் பள்ளியில் கற்கும் வாய்ப்பைப் பெறாதவர் ஒருவர் உண்டு. அந்த மீனவரின் தீவை நோக்கிச் செல்லும் கடற்கரைப் பயணத்தை இப்பாடம் விவரிக்கிறது.

கடலோரச் சாலை

அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரை அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி அமைந்தது. அக்கரையை ஒட்டி வடக்கே டொனகால் முதல் தெற்கே கார்க் வரை ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் நீளும் சாலை, 2014ஆம் ஆண்டு முதல் 'வைல்டு அட்லாண்டிக் வே' என்னும் பெயரால் சுற்றுலாப் பயணிகளை ஈர்த்து வருகிறது. 'கட்டுக்கடங்காத அட்லாண்டிக் வழி' என்பது அதன் பொருள்.

அவ்வழியில் கெர்ரி மாவட்டத்தின் டிங்கிள் தீபகற்பம் தனிச்சிறப்புடையது. டிங்கிள் நகரில் தொடங்கித் தீபகற்பத்தின் மேற்கு முனையைச் சுற்றி மீண்டும் அந்நகரையே அடையும் ஸ்லே முனைச் சாலையின் நீளம் ஏறத்தாழ 47 கிலோமீட்டர். தொலைவு சிறிதாயினும், இடங்களை நின்று காண்போருக்கு ஒரு பகல் முழுவதும் வேண்டும். சாலை மிகவும் குறுகியது. ஒருபுறம் மலை, மறுபுறம் கடல். எதிரெதிரே பேருந்துகள் சந்தித்து இடர்ப்படாதிருக்க, கடிகாரமுள் சுழலும் திசையிலேயே செல்லுமாறு பயணிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது.

கோடைக்காலத்தில் சாலையோர வேலிகளில் பியூசியாச் செடிகள் சிவந்த மலர்களைத் தொங்கவிட்டு நிற்கும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அச்செடி இம்மண்ணில் வேரூன்றிவிட்டது. அதன் மலரை ஐரிஷ் மொழியினர் 'கடவுளின் கண்ணீர்த் துளிகள்' என்று அழைக்கின்றனர்.

கல்லும் கடலும்

வென்ட்ரி விரிகுடாவைக் கடந்தால் டன்பெக் கோட்டை தென்படும். கடலுக்குள் நீண்ட பாறைமுனையில், நிலப்பகுதியை நோக்கி மட்டும் மதிலும் அகழிகளும் அமைத்து முன்னோர் இதனைக் கட்டினர். மற்றப் பக்கங்களைச் செங்குத்துப் பாறையும் கடலும் காத்தன. காத்த கடலே இன்று கோட்டையை அரித்து வருகிறது. புயற்காலங்களில் அதன் பகுதிகள் சிறிது சிறிதாகச் சரிந்து விழுந்துள்ளன.

அருகிலுள்ள மலைச்சரிவில் தேன்கூட்டு வடிவக் கற்குடில்கள் உள்ளன. இவற்றில் சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. ஒவ்வொரு கல்வரிசையையும் அதற்குக் கீழுள்ள வரிசையைவிடச் சற்றே உள்நோக்கி நகர்த்தி அடுக்கினர். வரிசைகள் உயர உயர வட்டம் குறுகி, உச்சியில் கூரையாக மூடிக்கொள்ளும். கற்களை வெளிப்புறமாகச் சிறிது சாய்த்து வைத்தமையால் மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும்.

ஸ்லே முனையைத் தாண்டியதும் கூமினூல் கடற்கரை வருகிறது. இங்கு அலைகளின் அழகு பெரிது. நீரோட்டத்தின் வலிமை அதனினும் பெரிது. ஆதலால் கரையில் நின்று காண்பதே தக்கது. பக்கத்தில் கடலுக்குள் நீண்டிருக்கும் டன்மோர் முனையே அயர்லாந்துப் பெருநிலத்தின் மேற்கு எல்லை. அதற்கு அப்பால் கடலில் சில தீவுகள் மட்டுமே கிடக்கின்றன. அவற்றையும் கடந்தால், வட அமெரிக்கா வரை நீரே.

எதிரே தெரியும் தீவு

அத்தீவுகளுள் பெரியது பெரிய பிளாஸ்கெட் தீவு. டன்குவின் என்னும் சிற்றூரின் படகுத்துறைக்கு வளைந்து வளைந்து இறங்கும் செங்குத்தான பாதையில் நின்றால் தீவு தெளிவாகப் புலப்படும். சரிவில் சிதறிக் கிடக்கும் கூரையற்ற வீடுகள், அங்கு முன்னர் ஓர் ஊர் இருந்ததைக் காட்டுகின்றன.

தீவினர் மீன்பிடித்தும் ஆடு வளர்த்தும் உருளைக்கிழங்கு பயிரிட்டும் வாழ்ந்தனர். மரச்சட்டங்களின் மேல் தார் பூசிய துணியைப் போர்த்திய 'நேவோக்' என்னும் படகே அவர்களின் ஊர்தி. அவர்களின் மொழி ஐரிஷ். ஆனால் தீவின் பள்ளியில் அக்காலத்தில் ஆங்கிலமே கற்பிக்கப்பட்டது. ஆகவே, நாள் முழுவதும் ஐரிஷ் பேசியோர் அம்மொழியில் ஒரு வரியும் எழுத அறியாதிருந்தனர்.

அவர்களுள் ஒருவர் தோமாஸ் ஓ குரோஹன் என்னும் மீனவர். கடல் கொந்தளிக்கும்போது தீவுக்குத் திரும்ப இயலாமல் அவர் டன்குவினில் தங்க நேர்ந்தது. அவ்வூர்ப் பள்ளியில் ஐரிஷ் கற்ற சிறுவர்கள் தம் நூலிலிருந்து கதைகளை அவருக்குப் படித்துக் காட்டினர். கேட்டுச் சுவைத்தவர், தாமே படிக்க விரும்பி அந்நூலைக் கையில் எடுத்தார். நடுத்தர அகவையில் எழுத்துக் கற்ற அவர், பின்னர்த் தம் வாழ்வையும் ஊரின் வாழ்வையும் எழுதினார். 'தீவு மனிதன்' எனப் பொருள்படும் அந்நூல் 1929ஆம் ஆண்டு வெளிவந்தது. இன்று அது ஐரிஷ் இலக்கியத்தின் சிறந்த நூல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. மாரிஸ் ஓ சல்லிவன் தம் இளமைக் கதையை 1933ஆம் ஆண்டில் வெளியிட்டார். பெக் சேயர்ஸ் என்னும் மூதாட்டி வாய்மொழியாகக் கூற, அவர் மகன் எழுதிய நூல் 1936ஆம் ஆண்டு வந்தது.

வெளியேற்றம்

நூல்கள் புகழ்பெற்றன, ஊரோ தேய்ந்தது. இளைஞர் பலர் அமெரிக்காவுக்குச் சென்றனர். அவர்களுள் மிகுதியானோர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியேறினர். மாணவர் இன்மையால் 1941ஆம் ஆண்டு தீவின் பள்ளி மூடப்பட்டது. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூளைக்காய்ச்சல் கண்ட ஓர் இளைஞர், புயலால் மருத்துவ உதவி கிட்டாமல் உயிரிழந்தார். அவ்வாண்டே உணவு முடைப்பட்ட தீவினர் அரசின் தலைவர் டி வலேராவுக்குத் தந்தி அனுப்பினர். அவர் தீவுக்கு நேரில் வந்து அவர்களின் நிலையைக் கண்டறிந்தார்.

இறுதியில் 1953ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், எஞ்சியிருந்த சிலரை வெளியேற்றும் பணி தொடங்கியது. அவர்களுள் பலருக்கு டன்குவின் பகுதியிலேயே வீடுகள் கிடைத்தன. கதவைத் திறந்தால் கடலுக்கு அப்பால் தாம் பிறந்த வீடு தெரியும். ஆனால் அங்கு அடுப்புப் புகை எழாது.

மாலை

டன்குவினில் 1993ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிளாஸ்கெட் மையம் தீவினரின் வாழ்வையும் எழுத்தையும் எடுத்துக்காட்டுகிறது. அங்கிருந்து திரும்பும் வழியில் கேலரஸ் வழிபாட்டுக்கூடம் உள்ளது. ஒரு வாயிலும் ஒரு சிறு சாளரமும் கொண்ட இக்கற்கட்டடம் கவிழ்த்து வைத்த படகுபோல் தோன்றும். சாந்தின்றி அடுக்கிய அதன் கற்கள் பல நூற்றாண்டுகளின் மழையையும் காற்றையும் தாங்கி நிற்கின்றன.

இப்பகுதி, ஐரிஷ் இன்றும் அன்றாடப் பேச்சில் வழங்கும் 'கேல்டாக்ட்' பகுதிகளுள் ஒன்று. 1937ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டப்படி ஐரிஷ் அந்நாட்டின் முதல் ஆட்சிமொழி. எனினும் பெரும்பாலோர் ஆங்கிலமே பேசுகின்றனர். ஆகவே கோடை விடுமுறையில் நகரத்து மாணவர்கள் கேல்டாக்ட் ஊர்களுக்கு வந்து, அவ்வூரார் இல்லங்களில் தங்கி ஐரிஷ் பேசக் கற்கின்றனர்.

தோமாஸின் தீவில் இன்று ஊர் இல்லை. ஊரின் குரல் மட்டும் நூலில் உள்ளது. ஒருவர் எழுத்துக் கற்றதால் அது எஞ்சியது. அவருக்கு எழுத்தின் சுவையைக் காட்டியவர்கள் பள்ளிச் சிறுவர்கள்.

சொல்லும் பொருளும்

அகவை – வயது
அகழி – கோட்டையைச் சுற்றி வெட்டிய பள்ளம்
சாளரம் – சன்னல்
முடை – தட்டுப்பாடு
தீபகற்பம் – மூன்று பக்கம் நீர் சூழ்ந்த நிலம்

பயிற்சி

1. ஸ்லே முனைச் சாலையில் ஒரே திசையில் செல்லுமாறு அறிவுறுத்துவது ஏன்?
2. சாந்து இல்லாத கற்குடிலுக்குள் மழைநீர் இறங்காமைக்குக் காரணம் யாது?
3. ஐரிஷ் பேசிய தீவினர் அம்மொழியில் எழுத அறியாதிருந்தமைக்குக் காரணம் கூறுக.
4. 'காத்த கடலே இன்று கோட்டையை அரித்து வருகிறது' – இத்தொடரை விளக்குக.
5. ஐரிஷ் மொழியில் 'டன்' என்பது கோட்டை; 'மோர்' என்பது பெரிய; 'பெக்' என்பது சிறிய. பாடத்தில் வரும் இரண்டு இடப்பெயர்களுக்கு இவற்றைக்கொண்டு பொருள் எழுதுக.
6. தீவினருக்குத் தீவை விட்டு வெளியேறுவது நன்மையா, இழப்பா? இரு பக்கக் கருத்துகளையும் பத்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு

வீட்டில் உள்ள பெரியோர் ஒருவரிடம் அவர் பிறந்த ஊரைப் பற்றிக் கேட்டு, அவர் கூறியவாறே தமிழில் ஒரு பக்க அளவில் எழுதுக. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுக.