நம்மால் சரிபார்க்க முடியாததை ஏன் ஏற்க வேண்டும்?

கேள்வி: அறிவியல் சான்றுகளை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று என் வகுப்பில் சொல்லித் தருகிறேன். அதைக் கேட்ட என் மாமா, "130 கோடி ஒளியாண்டு தூரத்துல ரெண்டு கருந்துளை மோதிச்சுன்னு சொல்றாங்க. நீ போய்ப் பாத்தியா? விஞ்ஞானி சொல்றத நீ நம்புற, சாமியார் சொல்றத நான் நம்புறேன். ரெண்டும் ஒண்ணுதானே?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?
– ஆசிரியை ஒருவர், விருத்தாசலம்

பதில்: உங்கள் மாமா கேட்டது நல்ல கேள்வி. "பெரிய விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்" என்று அவர் வாயை அடைக்கப் பார்த்தால் நியாயம் அவர் பக்கம் போய்விடும். ஒருவருடைய பட்டத்தையும் பதவியையும் காட்டி நம்பச் சொல்வது அறிவியல் ஆகாது. எனவே, சரிபார்ப்பு உண்மையில் எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

1610 ஜனவரியில் இத்தாலியின் படுவா நகரில் கலிலியோ தன் தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்பினார். கோளை ஒட்டிச் சில ஒளிப்புள்ளிகள் தெரிந்தன; இரவுக்கு இரவு அவை இடம் மாறின. வியாழனை நான்கு நிலாக்கள் சுற்றுகின்றன என்று மார்ச் மாதமே புத்தகம் வெளியிட்டுவிட்டார். எல்லாம் பூமியைத்தான் சுற்றுகின்றன என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. அந்தத் தரத்தில் தொலைநோக்கி வைத்திருந்தவர்களும் அபூர்வம். ஏப்ரலில் பொலோனா நகரில் கற்றவர்கள் கூடிய இடத்தில் கலிலியோ தன் தொலைநோக்கி வழியே அந்த நிலாக்களைக் காட்டினார். பலருக்குத் தெளிவாக எதுவும் தெரியவில்லை. அங்கிருந்த மார்ட்டின் ஹோர்க்கி என்ற இளைஞர், கருவி தரையில் நன்றாக வேலை செய்கிறது, வானத்தில்தான் ஏமாற்றுகிறது என்று கெப்ளருக்குக் கடிதம் போட்டார்.

கெப்ளர் அப்போது பிராகாவில் பேரரசரின் கணித அறிஞர். கலிலியோவை ஆதரித்து ஏற்கெனவே எழுதியிருந்தவர். ஆனாலும் ஆகஸ்டில், உங்களைத் தவிர இதைப் பார்த்த சாட்சி யார் என்று கலிலியோவிடமே கேட்டார். கலிலியோ டஸ்கனி ஆட்சியாளரின் பெயரைச் சொன்னார். ஆட்சியாளரின் வாக்கு அவையில் செல்லும், வானியலில் செல்லாது. கலிலியோ செய்து கொலோன் ஆட்சியாளருக்கு அனுப்பியிருந்த ஒரு தொலைநோக்கி, அந்த மாதக் கடைசியில் சில நாட்களுக்குக் கெப்ளரின் கைக்கு வந்தது. அவர் செய்ததைக் கவனியுங்கள். உடனிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். பார்த்தவர், தான் கண்ட புள்ளிகளை மற்றவர்களுக்குக் காட்டாமல் சாக்கட்டியால் வரைய வேண்டும். பிறகு எல்லாப் படங்களையும் சேர்த்து வைத்து ஒப்பிட்டார். நிலாக்கள் இருப்பது உறுதியானது. கெப்ளர் அந்தக் குறிப்புகளை அச்சிட்டும் வெளியிட்டார். ஆண்டு முடிவதற்குள், முதலில் சந்தேகப்பட்ட ரோம் நகர ஏசு சபை வானியலாளர்களும் தங்கள் தொலைநோக்கியில் அவற்றைக் கண்டார்கள்.

கலிலியோவை யாரும் நம்ப வேண்டிய தேவை அங்கே இல்லாமல் போனது. பார்ப்பவர் எந்த ஊர், எந்த மதம் என்பது பொருட்டாகவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லிவிடாதபடி தடுப்பும் இருந்தது. படங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டிருந்தால் கலிலியோவின் பேச்சு எடுபட்டிருக்காது.

அப்படி எடுபடாமல் போனவையும் உண்டு. 1903-இல் பிரான்சின் நான்சி நகரில் ரெனே பிளாண்ட்லோ என்ற மதிப்புமிக்க இயற்பியலாளர் 'என்-கதிர்கள்' என்ற புதிய கதிரைக் கண்டதாக அறிவித்தார். நாங்களும் கண்டோம் என்று பிரான்சில் பலர் எழுதினார்கள். வெளிநாடுகளில் பலருக்கு அது தட்டுப்படவே இல்லை. 1904-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் நேரிலேயே போய்விட்டார். சோதனை நடந்தது இருட்டறையில். கதிரைப் பிரிப்பதாகச் சொல்லப்பட்ட அலுமினியப் பட்டகத்தை வுட் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார். பட்டகம் இல்லாமலும் அதே அளவுகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வுட் இதை 'நேச்சர்' இதழில் எழுதினார். என்-கதிரின் கதை அத்தோடு ஏறக்குறைய முடிந்தது.

இனி உங்கள் மாமாவின் கருந்துளைகளுக்கு வருவோம். 2015 செப்டம்பர் 14 அன்று, கருந்துளைகள் மோதும்போது எழும் ஈர்ப்பு அலைகளைத் தேடும் அமெரிக்காவின் லைகோ அமைப்பின் இரு நிலையங்களிலும், ஹான்ஃபர்டிலும் லிவிங்ஸ்டனிலும், ஒரே வடிவத்தில் ஓர் அதிர்வு பதிவானது. இடையே உள்ள தூரம் சுமார் 3,000 கி.மீ.; பதிவுகளுக்கு இடையே இருந்தது ஏறக்குறைய 7 மில்லி விநாடி. ஒரு நிலையத்துக்குப் பக்கத்தில் லாரி போனால் அது மற்றதில் பதிவாகாது. இதற்கு முன்பே, 2010-இல், அவர்கள் தங்களையே சோதித்துக்கொண்டார்கள். சிலர் மட்டும் அறிய ஒரு பொய்யான சமிக்ஞை கருவிக்குள் புகுத்தப்பட்டது. மற்றவர்கள் அதைக் கண்டுபிடித்து, ஆராய்ந்து, கட்டுரையும் எழுதி முடித்த பிறகுதான் அது சோதனை என்று சொன்னார்கள். 2015-இல் கிடைத்த தரவுகளை இணையத்தில் பொதுவில் வைத்தார்கள். கோபன்ஹேகனில் உள்ள நீல்ஸ் போர் நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு குழு 2017-இல் அவற்றை எடுத்து அலசிக் கடுமையான கேள்விகள் எழுப்பியது. லைகோவைச் சேராத வேறு குழுக்களும் கணக்கிட்டுப் பார்த்தன. சமிக்ஞை நிலைத்து நின்றது.

நகை வாங்கும்போது தங்கத்தின் தரத்தைச் சோதிக்க நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனாலும் எந்தக் கடையில் கொடுத்தும் சோதிக்கலாம் என்பதால் வாங்குகிறோம். "இதை எங்கள் கடையில் மட்டும்தான் உரசிப் பார்க்க வேண்டும்" என்று ஒருவர் சொன்னால் வாங்குவோமா? ஒரு விஞ்ஞானியின் பேச்சை நாம் ஏற்பதும் இப்படித்தான். சரிபார்க்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. சரிபார்க்கும் திறனைப் படித்து, பழகி, கருவி தேடித்தான் பெற வேண்டும். அதை அடைவதற்கு யாருடைய அருளும் பிறப்பும் தேவையில்லை.

எல்லா ஆய்வுகளும் இந்தத் தேர்வில் தேறிவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்கும் குறைவானவையே முன்பு சொன்ன முடிவைத் தந்தன. தரவைப் பூட்டி வைத்துக்கொண்டு முடிவை மட்டும் அறிவிப்பவர்களிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வின் தரவு மக்கள் பார்வைக்கு வந்தே ஆக வேண்டும் என்று கேட்கவும் வேண்டும்.

மாமாவிடம் பக்தியைப் பற்றி வாதாட வேண்டாம். அவருக்கு அது தரும் ஆறுதல் வேறு. யார் எதைச் சொன்னாலும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். எப்படிச் செய்தார்கள் என்பதை முழுதாகச் சொல்லியிருக்கிறார்களா? அவர்களோடு தொடர்பே இல்லாதவர்கள் செய்து பார்த்தார்களா? சொன்னது தவறென்றால் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? மூன்றுக்கும் பதில் இருந்தால் ஏற்கலாம், அதுவும் புதுச் சான்று வரும்வரை.

வகுப்பில் கெப்ளரின் சோதனையையே செய்து பாருங்கள். வியாழன் மாலை வானில் தெரியும் மாதங்களில், 10 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று போதும். கை நடுங்காமல் மதில்மேல் ஊன்றிப் பிடிக்க வேண்டும். மாணவர்கள் ஒருவருக்கொருவர் காட்டாமல் நோட்டில் வரையட்டும். மாமாவும் ஒரு படம் வரையட்டும். அடுத்தடுத்த நாட்களிலும் அதே நேரத்தில் வரைய வேண்டும். அயோ நிலா 42 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஒரு சுற்றை முடித்துவிடும்; கலிஸ்டோவுக்கு ஏறத்தாழ 17 நாள் ஆகும். சில படங்கள் பொருந்தாமல் இருக்கும். நீங்கள் திருத்திவிடாதீர்கள். ஒரு நிலா கோளுக்குப் பின்னால் மறைந்ததா, மேகம் வந்ததா, வரைந்தவர் அவசரப்பட்டாரா என்று காரணத்தை அவர்களே தேடட்டும்.