காரல் மீனை இனம் காணுங்கள்

கடலோரச் சந்தைகளில் கூடை கூடையாகக் குவித்து விற்கப்படும் காரல் மீன், காரப்பொடி என்றும் அழைக்கப்படும். இதை உலர்த்தி இடித்துக் கோழித் தீவனத்தில் சேர்க்கலாம். ஆனால் மலிவான குவியலில் காரலோடு வேறு மீன்களும் கலந்திருக்கும். அவற்றுள் ஒன்று நஞ்சுள்ளது. எனவே வாங்குமுன் காரலை அடையாளம் தெரிந்துகொள்வது அவசியம்.

பொது அடையாளங்கள்

காரலின் உடல் இரு பக்கமும் தட்டையாக, வெள்ளி போல் மின்னும். செதில்கள் மிகச் சிறியவை. உடலில் வழவழப்பான கோழை மிகுந்திருக்கும். முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் 8 முட்களும், அடித்துடுப்பில் 3 முட்களும் உண்டு. காரலைப் போலவே வாயை நீட்டும் ஜெரஸ் மீனுக்கு முதுகில் 9 முட்கள், செதில்களும் பெரியவை.

வாயைப் பாருங்கள்

காரலின் வாயை மெல்ல இழுத்தால் குழாய் போல் நீளும். அது நீளும் திசையே இனத்தைக் காட்டும்.

1. மேல்நோக்கி நீண்டால், முன்பு செக்யூட்டர் எனப்பட்ட பேரினத்தைச் சேர்ந்தது.
2. கீழ்நோக்கி நீண்டால், லியோக்னாதஸ் போன்ற காரல்கள். பெரிதாக வளரும் லியோக்னாதஸ் ஈக்குலா இவ்வகையே.
3. நேராக முன்னோக்கி நீண்டு, தாடையில் கூரிய கோரைப் பற்கள் தென்பட்டால், அது காசா பேரினத்தைச் சேர்ந்த பல் காரல். மற்றக் காரல்களுக்குக் கோரைப் பல் கிடையாது.

கருவாடானால் நீரில் சற்று ஊறவைத்த பின் வாயை இழுத்துப் பாருங்கள். எந்தக் காரலும் தீவனத்திற்கு ஏற்றதே. பெரியவற்றைக் கறிக்கு ஒதுக்கிக் கொள்ளலாம்.

பேத்தையை நீக்குங்கள்

குவியலில் பேத்தை மீன் கிடக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதன் உடல் தட்டையாக இராமல் உருண்டிருக்கும். வயிறு பலூன் போல் உப்பும். பற்கள் இணைந்து கிளி அலகு போல் இருக்கும். துடுப்புகளில் முட்கள் இரா. அதன் நஞ்சு வேகவைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் அழியாது. கோழிகளை மட்டுமல்ல, உண்ணும் மனிதரையும் கொல்லக்கூடியது. கண்டவுடன் பொறுக்கி எடுத்துக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

உப்பிலும் கவனம்

உப்பிட்ட கருவாடு குஞ்சுகளுக்கு ஆகாது. பச்சைக் காரலை வாங்கி, மணல் போகக் கழுவி, உப்பிடாமல் நன்கு உலர்த்துங்கள். இடித்த தூளை 100 கிலோ தீவனத்திற்கு 10 கிலோவுக்கு மிகாமல் சேர்க்கலாம்.

அடுத்த முறை கூடையை வாங்குமுன், ஒரு கைப்பிடி மீனை எடுத்து வாயையும் முட்களையும் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.