குழந்தைக்கு முன் பல் அடிபட்டால் என்ன பார்க்க வேண்டும்?

ஊஞ்சலிலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழும் குழந்தைக்குப் பெரும்பாலும் அடிபடுவது மேல் வரிசை முன் பற்கள்தான். வாயெல்லாம் ரத்தத்தைப் பார்த்ததும் பதறிப் போவோம். ஆனால் உதடு சின்னதாகக் கிழிந்தாலே ரத்தம் நிறைய வரும். அதை வைத்துக் காயத்தை எடை போடாதீங்க. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துவிட்டு, நிதானமாகப் பாருங்கள்.

முதலில் தலை. குழந்தை மயங்கியதா, வாந்தி எடுத்ததா, என்ன நடந்ததென்று சொல்லத் தெரியாமல் குழம்புகிறதா? அப்படியானால் பல்லை அப்புறம் பார்த்துக்கலாம், உடனே 108-ஐ அழையுங்கள். தாடை தரையில் மோதியிருந்தால் பல்லைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். "முன்ன மாதிரி சேரலை, காதுக்கு முன்னால வலிக்குது" என்று குழந்தை சொன்னால் தாடை எலும்பு முறிந்திருக்கலாம்.

அடுத்த கேள்வி, அது பால் பல்லா, நிரந்தரப் பல்லா என்பது. சிகிச்சையே இதை வைத்துத்தான் மாறும். கீழ் முன் பற்கள் 6, 7 வயதிலும், மேல் நடுப் பற்கள் 7, 8 வயதிலும் நிரந்தரமாக முளைக்கின்றன. பால் பல் சிறியது, நல்ல வெள்ளை. நிரந்தரப் பல் அகலமானது, கொஞ்சம் மஞ்சள் கலந்தது. புதிதாக முளைத்ததென்றால் அதன் நுனி ரம்பம் போல இருக்கும்.

பல் உடைந்திருந்தால், எல்லிஸ் என்பவரின் பெயரால் வழங்கும் வகைப்பாட்டைப் பல் மருத்துவர்கள் பயன்படுத்துவார்கள். மேலே உள்ள எனாமல் மட்டும் சில்லாகப் பெயர்ந்தால் முதல் வகை. உள்ளே மஞ்சளாக டென்டின் தெரிந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசினால் இரண்டாம் வகை. உடைந்த இடத்தின் நடுவே சிவப்புப் புள்ளி தெரிந்தால் மூன்றாம் வகை. பல்லின் உயிர்ப்பகுதியான கூழ் வெளியே வந்துவிட்டது என்று பொருள். மூன்றாம் வகையில் தாமதம் கூடாது. முளைத்து சுமார் 3 வருடம் வரை வேர் முழுதாக வளர்ந்திருக்காது. கூழைக் காப்பாற்றினால்தான் அது மேலும் வளரும். உடைந்த துண்டு கிடைத்தால் தண்ணீரில் போட்டு எடுத்துட்டுப் போங்க, பல நேரங்களில் அதையே ஒட்ட முடியும். துண்டைக் காணோம் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உதட்டுக்குள் புதைந்திருக்கலாம், மூச்சுக்குழாய்க்கும் போயிருக்கலாம்.

பல் உடையாமல் இடம் மாறுவதும் உண்டு. லேசான ஆட்டம், வெளியே நீண்டு தொங்குவது, பக்கவாட்டில் சாய்வது, ஈறுக்குள் புதைந்து போவது என்று பல நிலைகள். புதைந்த பால் பல் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே இறங்கி வரும். ஆனால் அதன் வேருக்கு அருகில்தான் நிரந்தரப் பல்லின் முளை இருக்கிறது. அதனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

முழுப் பல்லும் வேரோடு கழன்று விழுந்தால் நிமிடக் கணக்குதான். விழுந்த பல்லைக் கூரை மேல எறியும் பழக்கம் நம்மிடம் உண்டு. பால் பல்லுக்குச் சரி. கழன்ற பால் பல்லைத் திரும்பப் பொருத்தவே கூடாது, அடியிலுள்ள முளை கெட்டுவிடும். நிரந்தரப் பல் என்றால் தேடி எடுங்கள். வெள்ளைப் பகுதியை மட்டும் பிடிக்க வேண்டும், வேரைத் தொடக்கூடாது, தேய்க்கவும் கூடாது. அழுக்கு இருந்தால் பாலில் அலசி, குழிக்குள் சரியான பக்கமாக வைத்து, ஒரு கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள். பொருத்த பயமா இருக்கா? ஒரு டம்ளர் பாலில் பல்லைப் போட்டு உடனே கிளம்புங்கள். பேப்பரில் மடித்தால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் காய்ந்துவிடும். உலர்ந்து 60 நிமிடம் தாண்டினால் அவை பிழைப்பது அரிது. அப்போதும் பல்லை வீசிவிடாதீர்கள், தாடை எலும்பைக் காக்க மருத்துவர் அதைப் பொருத்திப் பார்ப்பார்.

காயத்தில் காபித்தூள், மஞ்சள்தூள் வைக்க வேண்டாம். பல் மருத்துவர் இருக்கும் அரசு மருத்துவமனை பக்கத்தில் எங்கே என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது அடிபட்ட நேரம், இடம், கடைசியாகப் போட்ட டி.டி. ஊசி விவரம் மூன்றையும் சொல்லுங்கள். வலி போயிடுச்சு என்று அடுத்த பரிசோதனைகளை விட்டுவிடாதீங்க. அடிபட்ட பல் சில மாதம் கழித்தும் கறுத்து, ஈறில் சீழ்க் கொப்புளம் வரலாம்.